இடிக்கப் போகும் பழைய ஸ்டோர்: கோப்பிக் காலத்ததா, தேயிலைக் காலத்ததா?

மலைத்தூறல் (டிக்கோயா)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் ஒரு பழைய கட்டடம் கிடக்கிறது. பழைய ஸ்டோர் என்றுதான் எல்லோரும் சொல்வோம் (தோட்டத்துத் தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பெயர்). கீழே கருங்கல் சுவர். வாசல், ஜன்னல் ஓரங்களில் மட்டும் செங்கல். அதற்கு மேலே மரச்சட்டமும் தகரமுமாக ஒரு மாடி. மாடிப்படி உளுத்துப் போய்விட்டது. ஆற்றுப் பக்கம் அகலமான ஒரு தளம் புல் மூடிக் கிடக்கிறது, பையன்கள் அதில் கிரிக்கெட் அடிக்கிறார்கள். ஸ்டோர் ஓடுவது நின்று வெகுகாலம். கொழுந்து இப்போது லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது.

தகரத்தையும் இரும்பையும் கழற்றி விற்றுவிட்டு, கல்லை ரோட்டு வேலைக்கு எடுக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பெரியவர்கள் "அது கோப்பிக் காலத்து ஸ்டோருடா" என்கிறார்கள். ஆபீஸில் கேட்டால் தேயிலைக்குக் கட்டியது என்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்தே எந்தக் காலம் என்று சொல்ல முடியுமா? முடிந்தால், இடிக்காமல் தடுக்க ஏதாவது சட்டம் உண்டா?

கல்லும்சாந்தும் (கண்டி)

சொல்ல முடியும். ஆனால் முழுக் கட்டடத்துக்கும் ஒரே வயது என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்க்காதீர்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் எதையும் முழுதாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது குறைவு. கல்சுவரை வைத்துக்கொண்டு மேலே ஏற்றிக் கட்டுவார்கள்.

முதலில் அந்தத் தளத்தைப் பாருங்கள். கோப்பிக்குத் தேவைப்பட்டது நான்கு விஷயம்: தண்ணீர், தொட்டி, வெயில், காவல். பழத்தின் தோலை இயந்திரத்தில் உரித்து, தொட்டியில் ஊறவைத்து வழவழப்பு போகக் கழுவி, களத்தில் காயப்போட்டு, மேலோட்டோடு ஸ்டோரில் சேர்த்து வைப்பார்கள். வண்டி வந்ததும் கொழும்புக்குப் போகும், மீதி வேலை அங்கே. அதனால் கோப்பி ஸ்டோர் என்றால் தாழ்வாக, நீளமாக, பக்கத்தில் ஒரு பெரிய களத்தோடு இருக்கும். களம் லேசாகச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் வடிய. மேலே எங்காவது தொட்டிகளும் அவற்றுக்கு வரும் வாய்க்காலும் தெரிந்தால் அது உரித்த இடம்.

தேயிலை ஸ்டோர் நேர்மாறு. அதற்குக் களமே வேண்டாம். உயரம் வேண்டும், இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல் வேண்டும்.

உங்கள் பக்கம் காடு வெட்டியது கோப்பிக் காலத்தின் பிற்பாதியில்தான். இலைத் துரு நோய் இலங்கையில் 1869இல் தெரிய வந்தது, 1880களில் கோப்பி படுத்துவிட்டது. ஆக டிக்கோயாவில் கோப்பிக்கென்று கட்டிய எதுவும் நீண்ட காலம் அந்த வேலையைச் செய்திருக்க வாய்ப்பில்லை. பெரியவர்களும் ஆபீஸும் இரண்டு பேரும் சரியாக இருக்கலாம்.

ஊவாக்காத்து (பதுளை)

தகரத்தில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். பழைய தகரங்களில் பிரிட்டிஷ் ஆலைகளின் பெயர் மை முத்திரையாக அடித்திருக்கும், உள்பக்கம் மழை படாத இடத்தில் இன்னும் வாசிக்கலாம்.

கல்லும்சாந்தும் (கண்டி)

தகரத்தின் வயது தகரத்துக்கு மட்டும்தான், தம்பி. ஒரு கூரையிலிருந்து கழற்றி இன்னொன்றில் அடித்த தகரம் எத்தனையோ. ஆணித் துளை இரண்டு வரிசையாக இருந்தால் அது இடம் மாறி வந்தது.

மலைத்தூறல் (டிக்கோயா)

செங்கல் ஏன் ஓரங்களில் மட்டும்? இங்கிலாந்தில் பண்ணைக் களஞ்சியங்கள் எல்லாம் முழுச் செங்கல் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். துரைமார் தங்கள் ஊர் மாதிரியே ஏன் கட்டவில்லை?

கல்லும்சாந்தும் (கண்டி)

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் களிமண் கிடைத்த பக்கங்களில்தான் களஞ்சியத்தைச் செங்கல்லில் கட்டினார்கள். சுவரில் இடையிடையே செங்கல்லை விட்டுவிட்டு, கட்டம் கட்டமாகத் துளை வைப்பார்கள், உள்ளே வைத்த வைக்கோலுக்கும் தானியத்துக்கும் காற்றுப் போக. ஆனால் இங்கே வந்த தோட்டத் துரைமாரில் நிறையப் பேர் ஸ்கொட்லாந்துக்காரர்கள், அதிலும் அபர்டீன் பக்கத்து ஆட்கள். லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயர்காரர். அது கருங்கல்லில் மாட்டுக் கொட்டிலும் களஞ்சியமும் கட்டுகிற ஊர். ஆக அவர்களுக்குக் கல் புதிதல்ல.

இரண்டாவது, நம் மலை. காடு வெட்டினால் மண்ணுக்குள்ளிருந்து கல் வந்துகொண்டே இருக்கும். அதை எப்படியும் புரட்டி எடுத்தால்தான் கன்று வைக்க முடியும். எடுத்த கல்லை வைத்தே கான் (வடிகால்) கட்டு, ரோட்டு அணை, சுவர் எல்லாம் முடிந்துவிடும். செங்கல்லுக்கு நல்ல களி வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும், அப்புறம் மாட்டு வண்டியில் ஏற்றம் ஏற்ற வேண்டும். ரயில் கண்டிக்கு 1867இல் வந்தது, நாவலப்பிட்டிக்கு 1874இல். உங்களுக்குப் பக்கத்து ஹட்டனுக்கு வந்தது 1884இல்தான், அடுத்த வருடம் நானுஓயா. அதற்கு முன்னால் டிக்கோயாவில் ஒரு செங்கல்லின் விலையில் பெரும் பங்கு மாட்டுக்குப் போயிருக்கும்.

அதனால் செங்கல்லைக் கல்லால் செய்ய முடியாத இடத்துக்கு மட்டும் வைத்தார்கள். உடைத்த கருங்கல்லில் நேரான மூலை எடுப்பது பெரிய வேலை, ஒரு வாசல் நிலைக்கு இரண்டு பக்கமும் கல்லைச் செதுக்கக் கைதேர்ந்த ஆள் தேவை. செங்கல் என்றால் சாதாரணக் கொத்தனாரே நூல் பிடித்து அடுக்கிவிடுவார். ஜன்னலுக்கு மேலே வளைவு, புகைபோக்கி, அடுப்புச் சுவர் இவையும் அப்படித்தான். அடுப்பு வாய்க்கு மட்டும் தீச்செங்கல்.

முழுச் செங்கல் பார்க்க வேண்டும் என்றால் நுவரெலியா தபால் நிலையத்தைப் போய்ப் பாருங்கள், 1894இல் கட்டியது. அரசாங்கக் காசு, ரயிலும் பக்கத்தில் வந்துவிட்டது.

பழைய டீமேக்கர் (ஹப்புத்தளை)

கல்லையும் செங்கல்லையும் பேசுகிறீர்கள். ஸ்டோரின் உருவத்தைத் தீர்மானித்தது வாட்டம். அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லி என்ன பயன்.

கொழுந்தில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். அப்படியே முறுக்கும் இயந்திரமான ரோலரில் போட்டால் நசுங்கிச் சாறாகிவிடும், முறுக்கு விழாது. அதனால் முதலில் வாட்ட வேண்டும். அந்தக் காலத்தில் மாடியில் மரச்சட்டத்துக்குச் சணல் துணி இழுத்துக் கட்டி, ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தட்டு வைத்திருப்போம், கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி மெல்லிசாகத் தூவ வேண்டும். சதுர மீட்டருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள், நாளைக்கு ஆயிரம் கிலோ தூள் எடுக்கிற ஸ்டோருக்கு எத்தனை சதுர மீட்டர் துணி வேண்டும் என்று. சமதரை கிடைக்காத மலையில் அதை எங்கே விரிப்பது? மேலே மேலே போவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் இரண்டு மாடி, மூன்று மாடி.

அப்புறம் காற்று. வெயில் நாளில் ஜன்னலைத் திறந்தால் போதும். எங்கள் ஊவாப் பக்கம் ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும்போது தானாகவே வாடும், அந்தச் சீசன் தேயிலைக்கு விலையும் அதுதான். உங்கள் டிக்கோயாவில் தென்மேற்குப் பருவ மழை மாதக் கணக்கில் விடாது. அப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, கீழே தேயிலையைக் காயவைக்கும் டிரையர் அறையில் இருக்கும் சூட்டுக் காற்றை மாடிக்கு ஏற்றி, மறு கோடியில் பெரிய காற்றாடி வைத்து இழுப்போம். அதனால் மாடியின் இரண்டு கோடிச் சுவரையும் பாருங்கள். வட்டமாகப் பெரிய ஓட்டையோ, அதைத் தகரத்தால் மூடிய அடையாளமோ இருந்தால் தேயிலை ஸ்டோர்தான், சந்தேகமே வேண்டாம்.

மாடி ஏன் மரமும் தகரமும்? பாரம். கல்லை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினால் அடிச்சுவர் அகலம் தாங்காது. ரயில் வந்த பிறகு இரும்புத் தூணும் உத்தரமும் கொழும்பிலிருந்து அளவு வெட்டியே வந்துவிடும். வோக்கர் கம்பனி, கொழும்பு கொமர்ஷல் கம்பனி இரண்டும் இயந்திரத்தோடு இந்த வேலையையும் செய்தார்கள். போல்ட் போட்டு முடுக்கினால் எலும்புக்கூடு நின்றுவிடும், அதன் மேல் தகரம் அடிப்பது மீதி.

பிறகு காற்றை அடியிலிருந்து ஊதும் நீளத் தொட்டிகள் வந்தன. அதில் சதுர மீட்டருக்கு இருபது முப்பது கிலோ போடலாம். மூன்று மாடி வேலை ஒரு மாடியில் முடிந்தது. மீதி மாடிகளில் புறா. நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டோரில் மேல்மாடிக்குப் போக யாருக்கும் காரணமே இருக்கவில்லை, ஸ்டோரின் காவல் சாமி ரோதைமுனிக்குப் பூசை போடுகிற நாளில் கூட கீழே ரோலர் பக்கத்தோடு முடிந்துவிடும்.

ஊவாக்காத்து (பதுளை)

ஐயா, கோப்பி ஸ்டோரிலும் காற்றாடி இருந்ததாகக் கேள்விப்பட்டேனே?

கல்லும்சாந்தும் (கண்டி)

இருந்தது. கிளெரிஹியூ என்ற துரை 1840களின் கடைசியில் அதைக் கொண்டு வந்தார். மழைக்காலத்தில் களத்தில் காயப்போட முடியாமல் கோப்பி பூஞ்சணம் பிடிக்கும், அதனால் ஸ்டோரின் தரையைச் சல்லடை மாதிரி வைத்து, காற்றாடியால் சூட்டுக் காற்றைக் கோப்பிக்குள்ளே இழுத்தார்கள். அதாவது கட்டடத்தையே உலர்த்தும் இயந்திரமாக்கும் யோசனை தேயிலைக்கு முன்பே இந்த மலையில் வந்துவிட்டது. டீமேக்கர் ஐயா சொன்ன கோடிச்சுவர் ஓட்டை நல்ல அடையாளம்தான், ஆனால் அது மாடியில் இருந்தால் தேயிலை. கீழே இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பழைய டீமேக்கர் (ஹப்புத்தளை)

சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் கீழே சுவரில் ஷாப்ட் தாங்கிய இரும்புக் கட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நீளத் தண்டு கட்டடம் முழுக்க ஓடும், அதிலிருந்து வார் போட்டு ஒவ்வொரு ரோலருக்கும் ஓட்டம் கொடுப்போம். தண்டை ஓட்ட ஆற்றுத் தண்ணீர், பிறகு எண்ணெய் எஞ்சின். ஸ்டோரை ஆற்றோரப் பள்ளத்தில் வைத்ததும் அதற்காகத்தான்.

லயத்துப்பிள்ளை (பொகவந்தலாவை)

எல்லாவற்றையும் வாசித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

கொழுந்துக்கு இரண்டு பக்கமும் ஜன்னல், மழை வந்தால் சூட்டுக் காற்று, அதை இழுக்கக் காற்றாடி. அதே தோட்டத்தில், அதே துரை, அதே கல்லில் தொழிலாளர் குடியிருக்கக் கட்டிய வரிசை வீட்டை, இரட்டை லயத்தைப் பாருங்கள். ஒரே கூரை, நடுவில் முகட்டுக்குக் கீழே ஒரு சுவர், அதன் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாகக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. முன்னால் ஒரு கதவு, ஓர் இஸ்தோப்பு (திண்ணை). பின்சுவரில் ஒன்றுமே கிடையாது, ஏனென்றால் பின்னால் இன்னொரு குடும்பம். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழியே இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் அடுப்பு, புகைபோக்கி இல்லை. அம்மாயி வீட்டுச் சுவர் தகரம் வரை கறுப்பு. காற்று எப்படிப் போக வேண்டும் என்று தெரியாமல் கட்டியதாக யாரும் சொல்ல முடியாது. தெரிந்தவர்கள்தான் கட்டினார்கள்.

ஸ்டோரைக் காப்பாற்றுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோரைத் தேயிலை மியூசியம் ஆக்கினார்கள். கந்தப்பொளையில் ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலானது, கொழுந்து வாடிய மாடியில் இப்போது வெளிநாட்டுக்காரர் தூங்குகிறார். அழகாகத்தான் இருக்கிறது. அங்கே கொழுந்து சுமந்தவர்கள் எங்கே தூங்கினார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

பழைய டீமேக்கர் (ஹப்புத்தளை)

பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டடம் செய்த பாவத்துக்குக் கட்டடத்தை இடிக்க முடியுமா? எல்லா லயமும் இரட்டை லயம் இல்லை. பிற்பாடு கட்டிய ஒற்றை லயங்களில் பின்னால் குசினி எடுத்து, ஜன்னலும் வைத்தார்கள்.

லயத்துப்பிள்ளை (பொகவந்தலாவை)

ஐயா, நான் இடிக்கச் சொல்லவில்லை, மேலே இன்னொரு தடவை பாருங்கள். வைத்தார்கள் என்கிறீர்கள், எப்போது, எத்தனை தோட்டத்தில்? எங்கள் வரிசையில் பின்ஜன்னல் அப்பா தானே சுவரை உடைத்து வைத்தது. அதற்கும் ஆபீஸில் ஏசினார்கள்.

கல்லும்சாந்தும் (கண்டி)

தங்கச்சி, காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தோட்டத் தொழிலாளர் மியூசியமாக வைத்திருக்கிறார்கள், 2007இல் திறந்தது. காம்பராக்களைக் காம்பராவாகவே பார்க்கலாம். ஆனால் நீங்கள் கேட்பது ஓர் இடம் போதுமா என்பது என்றால், போதாது. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் வந்தால் பங்களாவை அளப்பார்கள், ஸ்டோரை அளப்பார்கள். லயத்தை அளந்த வரைபடம் கேட்டால் கையை விரிப்பார்கள். மாட்டுப் பட்டியும் அப்படித்தான். கோப்பிக்கு எரு வேண்டும் என்று தோட்டத்துக்குத் தோட்டம் பட்டி வைத்திருந்தார்கள், கல் பாவிய தரை கானுக்குச் சரிந்து, கான் எருக்குழிக்குப் போகும், இடுப்புயரச் சுவர், மேலே திறந்த வெளி. பாதிக்கு மேல் இன்று சுவரில்லாத மேடை.

காற்றோட்டம் என்று பார்த்தால் மாட்டுக்கும் லயத்தைவிட நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஊவாக்காத்து (பதுளை)

லயத்தைப் பாதுகாப்பது என்றால் அதில் இருக்கிறவர்களை அங்கேயே இருக்கச் சொல்வதாகிவிடாதா?

லயத்துப்பிள்ளை (பொகவந்தலாவை)

ஆகவே ஆகாது. சனம் தனி வீட்டுக்குப் போகட்டும், காணியோடு போகட்டும். போன பிறகு இடிப்பதற்கு முன்னால் ஒரு வரிசையையாவது அளந்து, வரைந்து, படம் எடுத்து வையுங்கள் என்கிறேன். எந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இருந்தவர்களிடமே கேட்டு எழுதுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

மலைத்தூறல் (டிக்கோயா)

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில்:

தளம் ஆற்றுப் பக்கம் சரிகிறது. புல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் கீழே சுண்ணாம்புக் காரை மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது, சீமெந்து இல்லை. களத்துக்கு மேலே பாதி மண் மூடிய இரண்டு தொட்டி, அதற்கு ஒரு கல் வாய்க்கால். உள்ளே கருங்கல் சுவரில் இரும்புக் கட்டை வரிசையாக இருக்கிறது, ஐயா. ஆனால் அதைப் பதிக்கச் சுவரைக் குடைந்து, சுற்றிவர செங்கல்லால் அடைத்திருக்கிறார்கள், பிறகு வைத்தது என்று என் கண்ணுக்கே தெரிகிறது. மாடியின் மேற்குக் கோடியில் பெரிய வட்டம் தகரத்தால் மூடியிருக்கிறது. ஜன்னல் ஓரச் செங்கல்லும் ஒரே மாதிரி இல்லை, கீழ் வாசலில் உள்ளது தடிப்பும் கோணலும், ஜன்னலில் உள்ளது மெல்லிசு, ஒரே அளவு. தகரத்தில் முத்திரை எதுவும் கிடைக்கவில்லை, எல்லாம் துரு.

கல்லும்சாந்தும் (கண்டி)

அப்படியென்றால் கீழ்ச்சுவர், களம், தொட்டி மூன்றும் கோப்பி. கோணல் செங்கல் பக்கத்தில் எங்காவது சூளை போட்டது. பிறகு தேயிலை வந்ததும் சுவரைக் குடைந்து தண்டு வைத்து, ஜன்னலைப் பெரிதாக்கி, ரயிலில் வந்த செங்கல்லால் ஓரம் கட்டி, மாடி ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு காலமும் ஒரே சுவரில் தெரிகிற கட்டடம் சுலபத்தில் கிடைக்காது, இடிக்க விடாதீர்கள்.

சட்டம் கேட்டிருந்தீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் புராதன சின்னம் என்கிறது, கண்டி இராச்சியம் விழுந்த தேதி அது. தோட்டம் எதுவும் அதற்குள் வராது. ஆனால் நூறு வருடம் தாண்டிய கட்டடத்தை அமைச்சர் அரச இதழான வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க இடமிருக்கிறது. தானாக நடக்காது, யாராவது கேட்க வேண்டும். கேட்கும்போது கடிதத்தைவிட அளந்த வரைபடத்துக்கு மதிப்பு அதிகம். வரைபடம் நான் போட்டுத் தருகிறேன், அளக்க ஆள் வேண்டும்.

பழைய டீமேக்கர் (ஹப்புத்தளை)

தரையில் ரோலர் நின்ற இடத்தில் போல்ட் துளை இருக்கும், மூன்று மூன்றாக. எண்ணிப் பாருங்கள். எத்தனை ரோலர் என்று தெரிந்தால் ஸ்டோர் எவ்வளவு எடுத்தது என்று நான் சொல்லிவிடுவேன். மாடிக்கு ஏற வேண்டாம், உத்தரம் நன்றாக இருந்தாலும் பலகை நம்ப முடியாது. கூரையில் சாம்பல் நிற அஸ்பெஸ்டஸ் ஒட்டுப் போட்டிருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது.

மலைத்தூறல் (டிக்கோயா)

நன்றி ஐயா. தோட்டத்தின் புதிய மேனேஜர் துரையிடம் பேசினேன், மழை முடியும் வரை தகரத்தில் கை வைக்க மாட்டோம் என்று வாயால்தான் சொன்னார், எழுத்தில் இல்லை. அதனால் வருகிற போயா (பௌர்ணமி) லீவுக்கே அளந்துவிடலாம் என்று நினைக்கிறேன். 30 மீட்டர் டேப் பள்ளிக்கூடத்தில் வாங்கிவிட்டேன். ஸ்டோருக்கு மேலே காலியாக இருக்கும் இரட்டை லயம் ஒன்று இருக்கிறது, பத்துக் காம்பரா, கடைசிக் குடும்பம் போன வருடம்தான் தனி வீட்டுக்குப் போனது. அதையும் சேர்த்து அளக்கிறோம். பொகவந்தலாவை அக்கா, அந்தக் குடும்பத்துப் பாட்டியிடம் பேச நீங்கள் வர முடியுமா? நான் கேட்டால் "உனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்பார்.

லயத்துப்பிள்ளை (பொகவந்தலாவை)

வருகிறேன். முதல் பஸ்ஸில் வந்தால் ஹட்டனில் எட்டு மணிக்கு நிற்பேன். ஆனால் முதலில் லயம், பிறகுதான் ஸ்டோர். பத்து மணிக்கு மேல் மழை வந்தால் அளக்காமல் விடுவது எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.